கரும்பலகை கீழே இறங்கிய காலம்

ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் நான் முதலில் பார்ப்பது கரும்பலகை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான். டீச்சரின் தோளுயரத்தில் மட்டும் இருந்தால் அந்த வகுப்பு டீச்சருடையது. தரைக்குச் சற்று மேலே தொடங்கி, சுவரைச் சுற்றி நீளமாக ஓடி, கட்டங்கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குழந்தை சொந்தம் கொண்டாடினால், அது குழந்தைகளின் வகுப்பு. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை வந்த காலத்தை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! செயல்வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். எங்கள் பேச்சில் ஏ.பி.எல். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனையோ திட்டங்கள் வந்து போவதைப் பார்த்திருக்கிறேன். வாயாரப் புகழத் தோன்றுவது இந்த ஒன்றைத்தான். கூடவே, அதை எங்கள் பள்ளியில் உயிரோடு வைத்திருந்த எங்கள் தலைமையாசிரியையையும்.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஐந்து வகுப்பு. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு டீச்சர், சில ஆண்டுகளில் மூன்று. இந்தக் கணக்கைச் சொன்னாலே கிராமத்தில் வேலை பார்த்த எந்த ஆசிரியருக்கும் மீதிக் கதை புரிந்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் நடத்தும்போது ஒன்றாம் வகுப்பு கைகட்டிக் காத்திருக்கும். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லித்தரத் திரும்பினால் இரண்டாம் வகுப்பில் சண்டை தொடங்கிவிடும். நாள் முழுக்கத் தொண்டை வற்றப் பேசினாலும், தனக்கென்று டீச்சர் கிடைத்த நேரம் எந்தக் குழந்தைக்கும் சில நிமிடங்கள்தான்.

இப்போது ஏ.பி.எல். வகுப்பைப் பாருங்கள். பாடங்கள் எல்லாம் அட்டைகளாகப் பிரிந்துவிட்டன. ஒவ்வொரு பாடத்திலும் மைல்கற்கள், ஒவ்வொரு மைல்கல்லுக்குள்ளும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்று சின்னச் சின்னப் படிகள். அந்தப் படிகளை வரிசையாக வரைந்த ஏணிப்படம் சுவரில். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சின்னம், ஓர் எண். காலையில் வந்ததும் குழந்தை ஏணியின் முன்னால் போய் நிற்கும். நேற்று எங்கே விட்டோம் என்று விரல் வைத்துத் தேடும். அடுத்த படியின் சின்னத்தை மனசில் வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் போகும், தன் அட்டையைத் தானே எடுக்கும். எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்பதையும் அந்தச் சின்னமே சொல்லிவிடும்.

குழுக்கள் ஆறு. ஆசிரியர் முழுத் துணையாக இருக்கும் குழு, ஆசிரியர் பாதித் துணை தரும் குழு, சக மாணவர் முழுத் துணை தரும் குழு, சக மாணவர் பாதித் துணை தரும் குழு, தானாகவே படிக்கும் குழு, மதிப்பீட்டுக் குழு. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! டீச்சர் உண்மையில் தேவைப்படும் குழந்தைகள் மட்டும் டீச்சரைச் சுற்றிப் பாயில் இருப்பார்கள். மற்றவர்களுக்கு வேலை ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து நான்கு வரை எல்லா வகுப்பும் ஓரிடத்தில் கலந்து உட்காரும். எந்தப் பல வகுப்புக் கற்பித்தல் எங்களை வாட்டி எடுத்ததோ, அதுவே பலமாக மாறிவிட்டது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பையனின் கையைப் பிடித்து மணலில் 'ழ' எழுதவைக்கும்போது, அவள் குரல் அப்படியே என் குரல் மாதிரி இருக்கும். "அவசரப்படாதடா கண்ணு, வளைச்சுட்டு அப்புறம் இறக்கு." எனக்குப் பெருமை தாங்காது.

மதிப்பீடும் ஓர் அட்டைதான். தேர்வு நாள் என்று தனியாக ஒன்று கிடையாது. அன்று காய்ச்சலில் படுத்ததால் போனது என்பதும் கிடையாது. அட்டையைச் செய்ய முடிந்தால் அடுத்த மைல்கல். முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் வலுவூட்டல், பிறகு மறுபடி முயற்சி. யார் முதல் ரேங்க், யார் கடைசி என்ற பேச்சே வகுப்பிலிருந்து போய்விட்டது. சொன்னால் நம்புங்கள், பரீட்சைக்குப் பயந்து காலையில் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளைகள் இல்லாமல் போனார்கள்.

வருகைப் பதிவைக்கூடக் குழந்தைகளே போட்டார்கள்! வந்ததும் தன் பெயருக்கு நேரே தானே குறிப்பது சுய வருகைப் பதிவு. வெயிலா, மேகமா, மழையா என்று வெளியே எட்டிப் பார்த்து வானிலை அட்டவணையில் குறிப்பார்கள். பல் தேய்த்தேனா, குளித்தேனா, நகம் வெட்டினேனா என்று ஆரோக்கியச் சக்கரத்தில் தன்னைப் பற்றித் தானே பதிவார்கள். பொய் சொல்ல மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, நம்பிக் கொடுத்த வேலையில் பிள்ளைகள் வியக்கும்படி நேர்மையாக இருந்தார்கள். குளிக்காத அன்று 'குளிக்கவில்லை' என்று குறித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பாள் ஒரு வாண்டு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அவர்கள் வரைந்தது, எழுதியது, காகிதத்தில் மடித்தது எல்லாம் அதில் தொங்கும். அதிகாரியோ கவுன்சிலரோ பெற்றோரோ, யார் உள்ளே வந்தாலும் பிள்ளைகளின் படைப்புகளுக்குக் கீழே குனிந்துதான் வரவேண்டும்.

இந்த முறைக்கு ஒரு நல்ல வம்சாவளி இருக்கிறது. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் தொற்றிக்கொள்ளும். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர் மரியா மாண்டிசோரி. குழந்தையின் உயரத்துக்குச் சாமான், குழந்தையின் கைக்கு எட்டும் அலமாரி என்ற சிந்தனையை அந்த அம்மையார் நம் ஊரிலேயே விதைத்துவிட்டுப் போனார். 1972-ல் கர்நாடகத்தின் கோலார் பக்கம் நீல்பாக் என்ற பள்ளியைத் தொடங்கினார் டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர். வயது கலந்த வகுப்பு, தேர்வு கிடையாது, தண்டனை கிடையாது. அவரிடம் கற்ற பத்மநாப ராவ், ரமா தம்பதி, ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியின் சுற்றுவட்டாரக் கிராமங்களில், ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டையும் ஏணியும் கொண்ட முறையை உருவாக்கினார்கள். ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் என்ற நிலைமையிலிருந்தே பிறந்த முறை இது. நகரத்து வசதிப் பள்ளிக்காக யாரோ யோசித்ததை எங்கள் தலையில் கட்டவில்லை. அதனால்தான் எங்கள் இரண்டு அறைக்குள் அவ்வளவு லாவகமாக வந்து உட்கார்ந்தது.

சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார். 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பி நேரில் பார்க்கவைத்தார். திரும்பி வந்த ஆசிரியர்களே உட்கார்ந்து அட்டைகளை உருவாக்கினார்கள். வகுப்பில் நாள் முழுக்க நிற்பவர்களின் கைப்பட வந்த பாடம்! பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-08-ல் மாநிலம் முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த முறை விரிந்தது. 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள். இவ்வளவு பெரிய அரசு இயந்திரத்தில், மேலே இருக்கும் ஒருவர் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டால் எவ்வளவு தூரம் போகமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் ஆணை மாநிலத்துக்கெல்லாம் ஒன்று. வகுப்பறை பள்ளிக்குப் பள்ளி வேறு. அட்டை பெட்டியைவிட்டு வெளியே வராத பள்ளிகளையும், கரும்பலகை கீழே இறங்கியும் பிரம்பு மேசையில் கிடந்த பள்ளிகளையும் பயிற்சிக்குப் போன இடங்களில் பார்த்திருக்கிறேன். சாமான் எல்லா இடத்திலும் ஒன்றே. எங்கள் பள்ளியில் அது பூத்துக் குலுங்கியதற்கு ஒரே காரணம் எங்கள் ஹெச்.எம். ஊரெல்லாம் 'பெரிய டீச்சர்' என்று கூப்பிடும். நாங்களும் அப்படித்தான்.

பெரிய டீச்சருக்கு ஒரு மேசையும் கைவைத்த நாற்காலியும் உண்டு. ஏ.பி.எல். வந்த பிறகு அதைச் சத்துணவு அமைப்பாளர் கணக்கு எழுதுவதற்கு வராந்தாவில் போட்டுவிட்டார். தானும் பாய்க்கு வந்துவிட்டார். என் வகுப்பைப் பார்வையிட வந்தால் நோட்டோடு ஓரத்தில் நிற்க மாட்டார். ஏதாவது ஒரு குழுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் "எனக்கு இது தெரியாதே, சொல்லித்தர்றியா?" என்பார். அந்தப் பிள்ளை சொல்லித்தரும் விதத்திலிருந்தே அதற்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். என் வேலையையும் அதிலேயே எடை போட்டுவிடுவார். என்னிடம் குறை சொல்ல வேண்டியிருந்தால் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்த வாரம் எந்தப் புள்ள உன்ன ஆச்சரியப்படுத்துச்சும்மா?" எவ்வளவு பாடம் முடித்தாய் என்று அவர் கேட்டே நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டுமே என்று வாரம் முழுக்க ஒவ்வொரு பிள்ளையையும் உற்று உற்றுப் பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஓர் இளம் டீச்சர் வந்தாள். தென்கோடி ஊர்க்காரி. கைக்குழந்தையை ஒரு வயதான உறவுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வரவேண்டும். பஸ் தாமதமானால் பிரார்த்தனை முடிந்துதான் வந்து சேர்வாள். முகம் வெளிறிப் போயிருக்கும். பெரிய டீச்சர் ஒருநாள்கூடப் பிள்ளைகள் முன்னால் அவளிடம் மணி கேட்டதில்லை. பிரார்த்தனை முறையைத் தானே எடுத்துக்கொண்டார். மாலையில் கடைசி ஆளாகப் பள்ளியைப் பூட்டும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "பால் குடிக்கிற புள்ளய விட்டுட்டு வர்றா. முதல்ல தண்ணி குடிக்கட்டும். பாடம் எங்கயும் ஓடிப்போயிடாது" என்பார் பெரிய டீச்சர். சில வாரம் கழித்து நான் பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும். ஆட்டைக் கட்டிவிட்டு, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத் தினமும் தாமதமாக வரும் ஒரு சிறுமி, வாசலில் தயங்கி நின்றாள். இந்த இளம் டீச்சர் எழுந்து போய், அவள் தோளில் கைவைத்து உள்ளே அழைத்து வந்து, சொம்பில் தண்ணீர் கொடுத்து, "முதல்ல குடி, அப்புறம் ஏணியப் பாப்போம்" என்றாள். அதே வார்த்தை! யாரும் அவளுக்கு அப்படிப் பயிற்சி கொடுக்கவில்லை. தனக்குக் கிடைத்ததை அவள் கொடுத்தாள். வட்டார வள மையத்தில் நான் உட்கார்ந்த பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு காலை எனக்குக் கற்றுத்தந்தது அதிகம்.

பெரிய டீச்சரிடம் தமிழில் வந்த 'டோட்டோ-சான்' புத்தகம் ஒன்று இருந்தது. எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றி அட்டையே கிழிந்துபோன பிரதி. டோக்கியோவில் 1937-ல் டோமோயே என்ற பள்ளியைத் தொடங்கிய சோசாகு கோபயாஷி, ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த சிறுமியை எதிரே உட்காரவைத்து, அவள் பேசுவதையெல்லாம் மணிக்கணக்கில் கேட்டார். அந்தச் சிறுமி டெட்சுகோ குரோயாநாகி வளர்ந்து எழுதிய புத்தகம் அது. பள்ளியில் சேர்க்க வரும் ஒவ்வொரு குழந்தையோடும் எங்கள் பெரிய டீச்சரும் அப்படித்தான் உட்காருவார். பிறந்த தேதி, சாதிச் சான்று எல்லாம் அப்பாவிடம் பிறகு கேட்கலாம். முதலில், "உங்க வீட்டு நாய்க்குப் பேரு என்ன?"

எங்கள் மாவட்டத்தில் பிழைப்புக்காக பெங்களூருக்குப் போகிறவர்கள் ஏராளம். கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போவார்கள், திருவிழாவுக்கோ அறுவடைக்கோ திரும்புவார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துபோகும். அப்படி ஒரு பையன் பொங்கல் முடிந்து பள்ளிக்கு வந்தான். முன்பென்றால் அவனுக்குக் கடைசி வரிசை. நடப்பது ஒன்றும் புரியாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுவிடுவான். பெரிய டீச்சர் அவனைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "உன் படி அங்கயேதான் இருக்குது, போய்ப் பாரு" என்று ஏணியைக் காட்டினார். அவனும் தேடினான். விட்டுப்போன சின்னத்தைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சம் இருக்கிறதே! அட்டையை எடுத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். எல்லா வயதும் கலந்து உட்காரும் இடத்தில் அவனை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

அதோடு நிற்கவில்லை பெரிய டீச்சர். "அங்க என்னவெல்லாம் கத்துக்கிட்ட?" என்று கேட்டார். செங்கல்லை எப்படி அடுக்குவார்கள், ஓர் அடுக்குக்கு எத்தனை, வேனில் எத்தனை அடுக்கு ஏற்றுவார்கள் என்று அவன் மடமடவென்று சொன்னான். பெருக்கல் அட்டைக்கு வெகுதூரம் முன்னால் நின்ற பையன் அதற்குள் பெருக்கிக்கொண்டிருந்தான்! மறுநாள் தீப்பெட்டிகளை அடுக்கி மற்றவர்களுக்கு அவனே கணக்குச் சொல்லித்தந்தான். ஒந்து, எரடு, மூரு என்று கன்னடத்தில் எண்ணவும் கற்றுக்கொடுத்தான். ஒரு வாரம் பள்ளி முழுக்கக் கன்னடக் கணக்குத்தான். அந்த ஆண்டு அவன் பள்ளியை விட்டு நிற்கவில்லை.

எதிர்ப்பு இல்லாமலா? நிறையவே இருந்தது. வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரைச்சலாக இருக்கிறது என்றார்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும் என்றார்கள். (போகத்தானே வேண்டும்! 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைப் பின்னர் தடையே செய்துவிட்டது.) "அட்டைய வச்சு விளையாடுதுங்க, படிப்பு எங்க?" என்று ஓர் அப்பா சண்டைக்கே வந்தார். பெரிய டீச்சர் அவரை அவர் மகள் பக்கத்தில் பாயில் உட்காரவைத்து, அவர் பையிலிருந்த ரேஷன் கார்டை மகளிடம் கொடுத்தார். குடும்பத்தில் உள்ள எல்லார் பெயரையும், தாத்தா பெயரையும், தெருப் பெயரையும் இரண்டாம் வகுப்புப் பெண் எழுத்துக் கூட்டாமல் படித்தாள். அந்த மனிதர் அடுத்த வாரம் அட்டைக்கு உறை போட ஒரு கட்டு பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்தார்.

உண்மையான சிக்கல்களும் இருந்தன. அட்டைகள் கிழியும், தொலையும். ஓர் அட்டை இல்லையென்றால் ஏணியில் ஒரு படி இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தில் நாங்களே அட்டை எழுதினோம். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மீந்துபோன பத்திரிகை பள்ளிக்கு வந்துவிடும். பதிவேடுகளும் ஆண்டுக்கு ஆண்டு கூடின. குழந்தையைப் பார்க்கும் நேரத்தை எழுத்து வேலை தின்னும்போது எந்த நல்ல முறையும் மூச்சு முட்டும். இதை ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

அட்டைமுறை பிறகு மாற்றங்கள் கண்டது. 2022 ஜூனில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கும் நிலையிலிருந்தே தொடங்குகிறார்கள். பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பு களைகட்டுகிறது. பெயர் மாறினாலும் நான் அதில் காண்பது அதே அக்கறையைத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிப் பழகிய எங்களுக்கு, ரவா உப்புமா வாசனையோடு விடியும் பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி மாளாது.

உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்களேன்! பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் அந்தக் குழுவில் இடம்பெற உங்களுக்கு வாய்ப்பு உண்டு. படிக்காவிட்டாலும் வகுப்பைப் பார்க்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். குழுவின் கூட்டம் நடக்கும் சாயங்காலத்தில் போனால் காலியான வகுப்பைத்தான் பார்ப்பீர்கள். காலை பத்தரை மணி வாக்கில் போங்கள், அப்போதுதான் பிள்ளைகள் வேலையில் மூழ்கியிருப்பார்கள். நாற்காலி போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே உட்காருங்கள். ஆசிரியரிடம் எதுவும் கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், என்ன செய்கிறாய், எனக்கும் சொல்லித்தா என்று கேளுங்கள். வேறு வேலை எதையும் அன்று மதியம் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் உங்களை அவ்வளவு சீக்கிரம் விட மாட்டார்கள்.